கண்ணாடிக் கடைப்படியும் வைஃபை பெட்டியும்

“கொஞ்சம் தள்ளுங்க!”

அன்று காலையிலிருந்து அம்மா அதைச் சொல்வது பதினேழாவது முறை. குண்டூசி எண்ணிக்கொண்டே இருந்தாள்.

குண்டூசி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆள் ஒல்லி. கேள்வி கேட்டால் சுருக்கென்று குத்தும். அதனால் அம்மா வைத்த பட்டப்பெயர். வயது பத்து.

அம்மா, படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு மூன்று படிகள். ஆள் உயரக் கண்ணாடிகளை அந்தப் படிகள் வழியாகத்தான் உள்ளே கொண்டு போக வேண்டும்.

ஆனால் படிகளில் எப்போது பார்த்தாலும் ஆறேழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் கையிலும் செல்போன். எல்லார் தலையும் குனிந்திருக்கும்.

காரணம், கடைச் சுவரின் உச்சியில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு செல்போன் கம்பெனி ஆட்கள் ஏணி போட்டு ஏறி அதை மாட்டிவிட்டுப் போனார்கள். கட்டடத்துக்காரரிடம் கேட்டார்களாம், அவர் சரி என்றாராம். அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கம்பெனியின் சிம் வைத்திருப்பவர்களுக்கு அங்கே வைஃபை இலவசம்.

அம்மாவிடம் இருந்ததோ வேறு கம்பெனி சிம். ஒருநாள் ஆசையாக இணைத்துப் பார்த்தார். ‘இந்தச் சேவை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே’ என்று திரையில் வந்தது.

“என் கடை, என் சுவரு, என் வாசல்! எனக்கு மட்டும் கிடையாதாம்!”

“சுவரு நம்மளோடது இல்லையேம்மா. வாடகைக்குத்தானே...”

“நீ வேற குத்தாதே!”

அம்மா சும்மா இருக்கவில்லை. ‘படியில் உட்காராதீர்கள்’ என்று முத்து முத்தாக எழுதி, அழகான சட்டம் போட்டு, படியோரச் சுவரில் மாட்டினார். ஒருவர் அதன் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டார். மறுநாள் அம்மா படிகளில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். வந்தவர்கள் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். ஒருவர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியே கொண்டு வந்துவிட்டார்.

கடைசியில் அம்மா அந்தக் கம்பெனிக்கே போன் செய்தார். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். பிறகு நான்கை அழுத்தச் சொன்னார்கள். பிறகு இருபது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். ஒருவழியாக ஒரு மனிதக் குரல் வந்தது.

“மேடம், நீங்க எங்க வாடிக்கையாளர் இல்லையே?”

“ஆமா, நான் இல்ல. உங்க வாடிக்கையாளருங்கதான் என் படியில உட்கார்ந்திருக்காங்க!”

“எங்க வாடிக்கையாளர் புகார் கொடுத்தாத்தான் மேடம் பதிவு பண்ண முடியும்.”

“அவங்க ஏங்க புகார் கொடுக்கப் போறாங்க? ஜாலியா உட்கார்ந்திருக்காங்க!”

“புரியுது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

அம்மா போனை வைத்தார். பக்கத்தில் இருந்த பசை டப்பாவைப் பார்த்து, “வேற உதவி வேணுமாம்ல!” என்று பல்லைக் கடித்தார்.

புதன்கிழமை குண்டூசி பள்ளிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் அது நடந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய பெரிய படத்துக்குக் கண்ணாடி வந்திருந்தது. அம்மா ஒரு பக்கம், வண்டிக்காரர் மறுபக்கம் பிடித்துக்கொண்டு படியேறினார்கள்.

“தள்ளுங்க, கண்ணாடி வருது, தள்ளுங்க!”

எல்லாரும் நகர்ந்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒரு கல்லூரி அண்ணன் மட்டும் நகரவில்லை. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. சோம்பல் முறிக்கத் திடீரென்று எழுந்து நின்றார். அவர் தோள், கண்ணாடியின் மூலையில் இடித்தது.

சிலீர்!

படிகள் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

“அக்கா... கேக்கலக்கா... மன்னிச்சிருங்க...”

அம்மா அவரைத் துண்டுகளிலிருந்து விலக்கி நிறுத்தினார். “கண்ணாடி போனாப் போகட்டும்பா. அது உன் கழுத்துல விழுந்திருந்தா?”

கூட்டிப் பெருக்கி முடித்ததும், அம்மா கம்பி வெல்டிங் பட்டறைக்குப் போன் செய்தார். “படியில நடுவுல நடக்க வழி விட்டு, ரெண்டு பக்கமும் கூர்கூரா கம்பி வெச்சுக் குடுங்க. ஒருத்தரும் உட்காரக் கூடாது. சனிக்கிழமையா? சரி, வந்துடுங்க.”

“அம்மா, கண்ணாடி தூக்கிட்டு வரும்போது நீயே அதுல தடுக்கி விழுந்தா?”

“வேற என்னதான் பண்ணச் சொல்ற?” அம்மா துடைப்பத்தை மூலையில் வீசினார். “சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டு போச்சு.”

குண்டூசி வாசலுக்கு வந்து நின்றாள். படியில் மறுபடியும் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். கீழ்ப்படியில் சலவைக்கடை மாமா இருந்தார்.

அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. தினமும் ஐந்து மணிக்கு வேலைக்கு நடுவில் ஓடி வருவார். வெளியூரில் இருக்கும் அவருடைய குட்டி மகள் போன் திரையில் தெரிவாள். இருவரும் கைகளாலேயே பேசிக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் போன் என்றால் குரல். அவருக்குப் போன் என்றால் படம்தான்.

அன்றைக்கும் பாதிப் பேச்சில் படம் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் அப்படியே இருந்தது. என்ன சொல்ல வந்தாள் என்று தெரியவில்லை. மாமா போனை உதறினார், தட்டினார், உயரத் தூக்கிப் பிடித்தார். பத்து நிமிட ஓய்வு முடிந்தது. முகம் வாடி எழுந்து போனார்.

குண்டூசி அண்ணாந்து பெட்டியைப் பார்த்தாள். பெட்டிக்கு நேர் கீழேதானே உட்கார்ந்திருந்தார்? அப்புறம் ஏன் நின்றுபோகிறது?

வியாழக்கிழமை அவள் பள்ளிவிட்டு வந்தபோது, கல்லூரி அண்ணன் கடைக்குள் வரத் தயங்கி வெளியே நின்றுகொண்டிருந்தார்.

“பாப்பா, அம்மா இன்னும் கோவமா இருக்காங்களா?”

“ஆமா. உங்க சிம் அந்தக் கம்பெனிதானே? ஹெட்போனைக் கழட்டிட்டு வாங்க, ஒரு வேலை இருக்கு.”

அண்ணன் மறுபேச்சு பேசாமல் கழற்றினார்.

“வைஃபை அடையாளம் விசிறி மாதிரி இருக்குமே, அதுல எத்தனை கோடு தெரியுது?”

“ரெண்டு.”

குண்டூசி படியோரம் சாக்பீஸால் ‘2’ என்று எழுதினாள். “நடங்க. நில்லுங்க. இப்போ?”

“ரெண்டுதான்... இரு, மூணு!”

இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து இருவரும் தெருவைக் கடந்தார்கள். எதிர்ப்பக்கம் ஒரு பழைய பேருந்து நிழற்குடை இருந்தது. பேருந்து வேறு வழியில் போக ஆரம்பித்ததிலிருந்து அங்கே யாரும் நிற்பதில்லை. கூரை இருந்தது. நீளமான பெஞ்சு இருந்தது. பெஞ்சின் மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு இருந்தது.

“நாலு! முழுசா நாலு!” அண்ணன் கத்தினார். “எப்படிப் பாப்பா? நாம தூரமால்ல வந்துட்டோம்?”

குண்டூசி திரும்பிப் பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. “அந்தப் பெட்டியோட மூஞ்சி இந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்குண்ணா. நீங்க எல்லாரும் இத்தனை நாளா அதோட தாடைக்குக் கீழ உட்கார்ந்திருந்தீங்க!”

இருவரும் பெஞ்சைச் சுத்தமாகப் பெருக்கினார்கள். குண்டூசி மூச்சிரைக்கப் படிக்கு ஓடி வந்தாள்.

“எல்லாரும் எதிர்ப்பக்கம் போங்க! அங்க இதைவிட நல்லாக் கிடைக்குது!”

ஒரு தலையும் நிமிரவில்லை. மறுபடி கத்தினாள். முக்காலிக்காரர் மட்டும் பாதிக் கண்ணை உயர்த்தினார்.

“பெட்டி இங்கதானே இருக்கு பாப்பா?” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அம்மாவுக்கு ஏன் தொண்டை வறண்டது என்று குண்டூசிக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐந்து மணி அடித்தது. சலவைக்கடை மாமா ஈரக் கையைத் துடைத்தபடி வேகமாக வந்தார். குண்டூசி கடைக்குள் ஓடினாள். ஓர் அட்டைத் துண்டில் பெரிதாக எழுதி எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

‘மாமா, எதிரே இருக்கும் பெஞ்சுக்கு வாங்க. அங்கே படம் நிற்காது.’

அவர் அட்டையைப் படித்தார். அவளைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

திரையில் அவர் மகள் வந்தாள். கைகள் ஓடின. ஐந்து நிமிடம் ஆயிற்று. படம் நிற்கவே இல்லை. அவள் என்னவோ குறும்பாகச் சொல்லியிருக்க வேண்டும், மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெரு முழுக்கக் கேட்கும் சிரிப்பு!

படியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

“அவருக்கு நிக்கவே இல்ல, பாத்தியா?”

“எனக்கு இங்க சுத்திக்கிட்டே இருக்கு.”

முதலில் ஒருவர் எழுந்து போனார். பின்னாலேயே இரண்டு பேர். பெஞ்சில் இடம் போய்விடுமோ என்று மற்றவர்களும் அவசரமாகப் போனார்கள். கடைசியாக முக்காலிக்காரர் முக்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

அம்மா ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். “கொஞ்சம் தள்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார்.

“எங்கடி எல்லாரும்?”

குண்டூசி எதிரே கை காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

“ரெண்டு மாசமா நல்ல சிக்னல் அங்கதான் இருந்திருக்கு! நான் என்னடான்னா தண்ணி ஊத்தி ஊத்திக் கையொடிஞ்சு போனேன்!”

உடனே போனை எடுத்தார். “அண்ணே, அந்தக் கம்பி வேணாம். ஆமா, வேணவே வேணாம்.”

வெள்ளிக்கிழமை காலை புதுக் கண்ணாடி வந்தது. தூக்க ஒரு கை குறைந்தபோது கல்லூரி அண்ணன் ஓடி வந்து பிடித்தார். மத்தியானத்துக்குள் படம் தயாராகிப் பத்திரமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அம்மா இரண்டு தம்ளர்களில் தேநீர் கொண்டு வந்தார். காலியாகக் கிடந்த படியில் காலை நன்றாக நீட்டி, அம்மாவும் மகளும் அக்கடாவென்று உட்கார்ந்தார்கள்.