தெர்மாகோல் இல்லாத பெட்டி

அந்த வீட்டில் அவளுக்குக் ‘குடைச்சல்’ என்று பெயர். வாயைத் திறந்தால் கேள்விதான். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவள் அம்மா பீங்கான் கோப்பைகள் செய்பவள். தூரத்து ஊர்க் கடைக்காரம்மா ஒருவர் முதல்முறையாகப் பன்னிரண்டு கோப்பைகள் கேட்டிருந்தார். ஆனால் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

“பெட்டிக்குள்ள தெர்மாகோல் இருந்தா திருப்பி அனுப்பிடுவேன். அது மக்கவே மக்காது. அதோட, ஒரு கோப்பை உடைஞ்சிருந்தாலும் அடுத்த தடவை வாங்கமாட்டேன்.”

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “இந்தக் கடையும் போச்சுன்னா தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

“மக்குற பொருள் என்னென்னம்மா இருக்கு?” என்றாள் குடைச்சல்.

“வைக்கோல் இருக்கு, கசக்கின காகிதம் இருக்கு. சோளமாவுல செஞ்ச பொரி மாதிரி ஒண்ணு கூட விக்கிறாங்க. எது நல்லதுன்னு யாரு கண்டா?”

“கீழே போட்டுப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது!”

சோளப் பொரியைக் கடையில் வாங்கி வந்தாள். கீறல் விழுந்து ஒதுக்கிய மூன்று கோப்பைகளை வைக்கோல், காகிதம், பொரி என்று மூன்று பெட்டிகளில் வைத்தாள். மாடிப்படியின் ஏழாம் படியிலிருந்து தொப்பென்று போட்டாள். வைக்கோல் பெட்டியில் கோப்பையின் கைப்பிடி போயிற்று. காகிதப் பெட்டியில் விளிம்பு பெயர்ந்தது. சோளப் பொரிக்குள் இருந்த கோப்பைக்கோ ஒன்றுமே ஆகவில்லை.

“அடி என் சமர்த்தே!” என்று அம்மா கன்னத்தைக் கிள்ளினாள். உடனே பன்னிரண்டு கோப்பைகளையும் வழக்கம்போலக் கழுவி, உதறி, சோளப் பொரிக்குள் அடுக்கிப் பெட்டியை ஒட்டிவிட்டாள்.

மறுநாள் காலை குடைச்சல் பெட்டியைக் குலுக்கினாள். கடகட! பிரித்துப் பார்த்தால் பாதிப் பொரியைக் காணோம். கோப்பைகளில் பசைதான் அப்பியிருந்தது.

அவள் ஒரு பொரியைத் தண்ணீரில் போட்டாள். கண்ணெதிரே கரைந்துபோனது.

“அம்மா, கோப்பையை ஈரத்தோட வெச்சியா?”

“கழுவாம அனுப்பினா மானம் போயிடாதா?” என்ற அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். “கூரியர்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. பேசாம தெர்மாகோலையே வெச்சிடட்டுமா?”

“ஐயோ, வேண்டாம்மா! காகிதம் ஈரத்துல கரையாது, பொரி அடியைத் தாங்கும். ரெண்டையும் சேர்த்துப் பாப்போமே!”

முதல் நாள் பிழைத்த கோப்பையை நன்றாகத் துடைத்துக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றிலும் பொரியை நிரப்பினாள். இந்த முறை பத்தாம் படியிலிருந்து போட்டாள். குலுக்கியும் பார்த்தாள். சத்தமே இல்லை, கோப்பையும் முழுசாக இருந்தது.

பிறகு கேட்கவா வேண்டும்? அம்மா பசையைக் கழுவக் கழுவ, அவள் துடைத்தாள், மின்விசிறியடியில் உலர்த்தினாள், காகிதத்தில் சுற்றினாள், மிச்சப் பொரிக்குள் அடுக்கினாள். கூரியர்காரர் மணி அடித்தபோது கடைசி ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் கடைக்காரம்மாவின் போன் வந்தது.

“பன்னிரண்டும் பத்திரமா வந்துடுச்சு. இன்னும் நாற்பது அனுப்புங்க. ஆமா, இவ்வளவு அழகா அடுக்கினது யாரு?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை மகளிடம் நீட்டினாள்.

“வணக்கம் ஆன்ட்டி!” என்றாள் குடைச்சல். “பெட்டி நேரா வந்துச்சா, தலைகீழா வந்துச்சா? வழியில மழையா? பொரி கரைஞ்சிருக்கா? எத்தனை?”