அறுந்திருக்க வேண்டிய சணல்

போன் அலறியது!

காய்ச்சல் மாத்திரை போட்டுக் கண் அசந்திருந்தவள் தடுமாறி எழுந்தாள். எடுத்தாள்.

"தங்கச்சி... தங்கச்சி...!"

மறுமுனையில் ஐஸ் அழுதான்.

துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பதால் அந்தப் பெயர். அவள் புருஷனுக்கு உயிர் நண்பன். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாத அவளைத் தங்கச்சி என்று கூப்பிடும் ஒரே ஆள்.

"என்ன ஆச்சுண்ணா?"

"சாம்பியன் போயிட்டான்மா!"

"எங்க போயிட்டாரு?"

"நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சு. எடுக்கறேன்னு தண்ணியில குதிச்சான். மேல வரவே இல்லம்மா...!"

போன் கை நழுவி விழுந்தது.

சாம்பியன் அவள் புருஷன். தூண்டில் கிளப்பின் கோப்பையைத் தொடர்ந்து இரண்டு வருடம் தட்டிக்கொண்டு வந்தவன். அந்தக் கரை முழுக்கப் பாறை. பாறை இடுக்கில் ஆள் உயர மீன்கள். அதைப் பிடிக்கிற ஆசையில் வெளியூர்க்காரர்கள் தொப்பியும் தூண்டிலுமாய் வந்து இறங்குவார்கள். அவர்களைப் படகில் ஏற்றிப்போவதுதான் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பிழைப்பு.

மீனைத் தூக்கிப் பிடித்து போட்டோவுக்குப் பல்லைக் காட்டுவது அவன் பங்கு. என்ஜின், கயிறு, நங்கூரம் மொத்தமும் அவள் தலையில்!

இன்று காலையில்தான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"உடம்பு சுடுதே! நீ படு. வாடகைக்கு யாரும் வரல. நான் ஐஸைக் கூட்டிக்கிட்டு சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

போர்வையை வேறு இழுத்துப் போர்த்திவிட்டான். கல்யாணமான நாளாய் அவளுக்குக் காய்ச்சல் வந்ததை அவன் கவனித்ததே கிடையாது. அவள் உருகிப்போனாள்.

நான் கூடப் போயிருந்தால் அவர் குதித்திருக்கவே மாட்டாரே...! ஓட்டமும் நடையுமாய்த் துறைமுகம் போகிற வழியெல்லாம் அந்த நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது.

படகு கரையோடு கட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஐஸ். அவளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்னால காப்பாத்த முடியலம்மா! எனக்கு நீச்சல் தெரியாதே!"

அவன் தோளில் சாய்ந்து அவள் கதறினாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினாள்.

"அம்மா, தேடிக்கிட்டுதான் இருக்காங்க. ஆறு பேர் முங்கிப் பார்த்துட்டாங்க. உடல் இன்னும் கிடைக்கல."

உடல்! அந்தச் சொல் அவளை அறைந்தது.

தட்டுத்தடுமாறிப் படகில் ஏறினாள். அவன் கடைசியாக நின்ற இடத்தில் உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. படகின் முன்பக்கம் போனாள். உட்கார்ந்தாள். எதிரே நங்கூரம் கிடந்தது.

பார்த்தாள்.

மறுபடி குனிந்து பார்த்தாள்.

அழுகை நின்றுபோனது...!

எழுந்தாள். நிதானமாக இறங்கி வந்தாள்.

"அண்ணா, என்ன நடந்துச்சு? இன்னொரு தடவை சொல்லுங்க."

"வேணாம்மா, உன்னால தாங்க முடியாது."

"தாங்குவேன். சொல்லுங்க."

"நங்கூரம் மாட்டிக்கிச்சு. என்ஜினைப் போட்டு இழுத்துப் பார்த்தோம். அசையல. அப்புறம்தான் குதிச்சான். நங்கூரம் விடுபட்டு மேல வந்துச்சு, அவன்தான் வரல."

"பலமா இழுத்தீங்களா?"

"படகே ரெண்டாப் பிளந்துடுமோன்னு பயந்துட்டேன்மா!"

"சத்தியமா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியம்!"

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இந்த ஆளைப் பிடிங்க. என் புருஷனைக் கொன்னுட்டான்!"

"தங்கச்சி...!"

"இனி அப்படிக் கூப்பிட்டே, நாக்கை அறுத்துடுவேன்!"

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தாள். "எதை வச்சும்மா சொல்றீங்க?"

"வாங்க, காட்டறேன்."

நங்கூரத்தைக் காட்டினாள்.

"சங்கிலியை எங்க மாட்டியிருக்கேன் பாருங்க. எல்லாரும் மேல் வளையத்துல மாட்டுவாங்க. எங்க படகுல அடியில மாட்டுவேன். அதே சங்கிலியை மேல் வளையத்தோட சும்மா ஒரு சணல் போட்டுக் கட்டிவைப்பேன். நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சுன்னா என்ஜினைப் போட்டு ஓர் இழுப்பு. சணல் அறுந்துடும். நங்கூரம் தலைகீழாப் புரண்டு தானா வெளிய வந்துடும். யாரும் குதிக்க வேண்டியதில்ல."

"சரி..."

"இது நேத்து சாயங்காலம் நான் கட்டின சணல். என் முடிச்சு. படகு பிளக்கற மாதிரி இழுத்தாராம்! ஒரு இழை கூட அறுபடல. நங்கூரம் மாட்டவே இல்ல மேடம்!"

இன்ஸ்பெக்டர் சணலை விரலால் சுண்டிப் பார்த்தாள். பிறகு ஐஸைப் பார்த்தாள். ஐஸ் வியர்த்து ஒழுகினான்.

"கான்ஸ்டபிள்! விலங்கைக் கொண்டாங்க. கொலைக் கேஸ்."

"ஐயோ! கொலையா? மேடம், அவன் சாகல!"

இன்ஸ்பெக்டர் படகிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்னய்யா சொல்றே?"

"உயிரோட இருக்கான் மேடம்! வடக்க ரோட்டோரமா ஒரு குகைப் பாறை இருக்கே... அங்க இறக்கி விட்டுட்டு வந்தேன்!"

உயிரோடு இருக்கிறார்! அவள் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த நிமிடம் ஐஸின் காலில் கூட விழுந்திருப்பாள்.

அடுத்த நிமிடம் அவன் மறுபடி வாயைத் திறந்தான்.

"அவனுக்கு வேற ஒரு பொம்பளை கூட... பழக்கம். அவளோட போறான்."

அவளுக்குக் காது அடைத்தது.

"போறவன் நேரா போகவேண்டியதுதானே? எதுக்கு இந்த நாடகம்?" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தாள்.

"ஓடிப்போனவன்னா கிளப்புல காறித் துப்புவாங்களாம். கடல்ல போனவன்னா கோப்பைக்கே அவன் பேரை வைப்பாங்களாம்! நங்கூரக் கதை கூட அவன் சொல்லிக் கொடுத்ததுதான் மேடம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நங்கூரத்தை ஒரு நாளாவது அவன் தொட்டிருந்தால்தானே சணலைப் பற்றித் தெரிந்திருக்கும்! அவள் தூக்குகிற நேரத்தில் அவன் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான்.

நெற்றியைத் தொட்டது... போர்வையைப் போர்த்தியது... எல்லாம் பொய். அவள் ஐஸ் பக்கம் திரும்பினாள்.

"உங்களைக் கூடப்பிறந்த அண்ணன்னு நம்பினேனே! நான் அழுததைப் பார்த்துக்கிட்டுதானே உட்கார்ந்திருந்தீங்க?"

ஐஸ் தலையைக் குனிந்தான். "சிநேகிதனுக்காக..."

"யாரு அவ?"

"தெரியாதும்மா. அப்புறம் சொல்றேன்னான்."

இன்ஸ்பெக்டர் ரோந்துப் படகுக்கு வயர்லெஸ்ஸில் உத்தரவு கொடுத்தாள். காத்திருந்தார்கள். ஐஸ் மூக்கை உறிஞ்சினான். அவள் கடலைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்து நின்றாள்.

வயர்லெஸ் கரகரத்தது.

"மேடம், ஆள் சிக்கிட்டான்! ரெண்டு சூட்கேஸ். கூட ஒரு பொம்பளை."

"யாராம்?"

"விசாரிச்சோம் மேடம்... ஐஸ் கம்பெனி முதலாளி சம்சாரமாம்!"

ஐஸ் பெட்டியிலிருந்து சரிந்து விழுந்தான்.

"என் பொண்டாட்டியா? அம்மா வீட்டுக்குப் போறேன்னாளே! காலையில சூட்கேஸைத் தூக்கிக்கிட்டுப் போய் நான்தானே பஸ் ஏத்தி விட்டேன்...!"

அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இல்லை. கோபமும் குறைந்துபோயிருந்தது.

"மேடம்," மறுபடி வயர்லெஸ். "அந்த ஆள் தன் சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸை அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"எம்புருஷன் காலையிலேயே செத்துட்டாரு மேடம். செத்தவங்ககிட்ட நான் பேசறதில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி இதற்காக ஒரு சொட்டு விடுவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ரோந்துப் படகு தூரத்தில் தெரிந்தது. ஐஸ் மெல்ல எழுந்தான். பெரிய மீனைக் குத்தித் தூக்குகிற கொக்கிக் கம்பு படகோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி நின்றான். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தாள்.

"இப்ப என்னம்மா கேஸ் எழுதறது? கொலைக் கேஸ்னு ஆரம்பிச்சேன். அதை அடிச்சுடட்டுமா?"

அவள் ஐஸின் முதுகைப் பார்த்தாள். நெருங்கிவரும் படகைப் பார்த்தாள்.

"அவசரப்பட்டு அடிச்சுடாதீங்க மேடம்... ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க!"