வெளிச்சமில்லாத டிப்பர்

தட்டில் கவிழ்த்து வைத்திருந்த பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கியபோது ஜெயராணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. ஊரார் பாதையை மறித்ததிலிருந்து ஒரு வாரமாக அந்த அதிர்வு இல்லை.

மடுல்கெல்லவுக்கு ஏறும் அந்தப் பாதையில், வளைவில் வைத்துத்தான் கல்குவாரி டிப்பர் லொறி ஒன்று அவள் தம்பி சுரேஸின் மேல் ஏறியது. பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்கம் செய்த கையோடு அவள் புருஷன் ராஜலிங்கம் ஆட்களைத் திரட்டிப் பாதையில் உட்கார்ந்தான். "இனி ஒரு டிப்பர் இந்தப் பக்கம் வராது, நான் பாத்துக்கிறேன்" என்று அவன் சொன்னதை நம்பித்தான் அவள் மறுபடி சோறு தின்ன ஆரம்பித்திருந்தாள்.

சன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்து, தேயிலைச் சரிவிலிருந்து இறங்கிய பனி பாதையை முழுதாக மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து, பாரம் ஏற்றிய எஞ்சின் முனகி முனகி மேலேறும் சத்தமும், கருகிய பிரேக்கின் நாற்றமும், நனைந்த கல்தூளின் வாடையும் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுக்குள் வந்தன. வெளிச்சம் மட்டும் வரவில்லை.

"என்னங்க, டிப்பர் போகுது."

ராஜலிங்கம் கதிரையில் உட்கார்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இடியா இருக்கும்."

"லைட்டே போடாம போகுதுங்க."

அவன் நிமிரவில்லை. நிமிராத அந்தத் தலையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீங்கதான் விடச் சொன்னீங்களா?"

"குவாரியில சூப்பவைசர் வேல தாரேன்னாங்க. இருட்டுனதும் லைட்ட அணைச்சிட்டு ஊருக்குத் தெரியாம போயிருங்கன்னேன்." குரல் தாழ்ந்தது. "நமக்கும் பொழப்பு வேணும்ல, ராணி."

அவளுக்கு அழுகை வரவில்லை. தம்பியின் சவப்பெட்டியைச் சுமந்த தோள் அவனுடையது. அதில் சாய்ந்துதான் அவள் கதறியிருந்தாள்.

வெளியே சத்தம் வளைவைத் தாண்டவில்லை. நின்றது. பிறகு பின்பக்கமாக வரத் தொடங்கியது. வீட்டை நோக்கி.

ராஜலிங்கம் எழுந்தான். "குவாரிய விட்டு ஒரு வண்டியும் இன்னும் கிளம்பலன்னு இப்பதான் மெசேஜ் வந்துச்சு." போனை மறுபடி பார்த்தான். "இது யாரோட வண்டி?"

டொப். டொப். டிப்பரின் பின்பலகையை யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள்.

"வரட்டும்... வரட்டும்..."

சுரேஸின் குரல்.

"கதவப் பூட்டு, ராணி."

அவள் போனாள். தாழ்ப்பாளை இழுத்தாள். திறந்தாள்.

பனி. பனிக்குள் கறுப்பாக, கூரையைவிட உயரமாக, அந்தப் பின்பலகை. அதற்கு முன்னால் தம்பி. பெட்டியில் உடுத்திவிட்ட அதே வெள்ளைச் சட்டை. சக்கரத்தில் நசுங்கி எலும்பில்லாமல் தொங்கிய கை மெல்ல உயர்ந்து, இன்னும் வா, இன்னும் வா என்று டிப்பருக்குச் சைகை காட்டியது.

முகம் அவள் பக்கம் திரும்பியது.

"அக்கா, நீ தள்ளி நில்லு."

பின்னாலிருந்து ராஜலிங்கத்தின் விரல்கள் அவள் சேலையை இறுகப் பற்றின. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். தள்ளி நின்றாள்.