மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு

என் தம்பி ராய்ஸ் மே மாதம் இரண்டாம் வாரத்தில் வந்தான். அப்பாவைப் புதைத்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு வராத மகன், வண்டி நிறைய மைக்குகளும் ஒயர்களும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

"வாடா பெரிய பாட்டுக்காரா," என்றேன். "வீட்டுக்கு வழி ஞாபகம் இருந்துச்சா, இல்ல யாரையாவது கேட்டு வந்தியா?"

"திட்டறதுன்னா சாப்பாடு போட்டுட்டுத் திட்டுக்கா."

பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டேன். மூன்று தட்டு சாப்பிட்டான். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னான். அப்பா பாடிய பழைய பாட்டுகளில் பத்தைப் பொறுக்கி, அப்பாவின் வீட்டிலேயே, அப்பாவின் கிடாரிலேயே பாடி ஒரு ஆல்பம் போடப் போகிறானாம். பெயர் 'டெல்மருக்காக'.

"எட்டு வருஷமா போன் பண்றப்பல்லாம் கேட்டாருக்கா. ஒரே ஒரு பாட்டாவது ரெண்டு பேரும் சேர்ந்து பாடிப் பதிஞ்சு வச்சுக்கலாம்டான்னு. நான் அடுத்த கோடைக்கு, அடுத்த கோடைக்குன்னே சொல்லிட்டிருந்தேன்." காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சேர்ந்து பாடத்தான் முடியாம போச்சு. அவருக்காகப் பாடவாவது செய்றேன்."

அதற்குப் பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

கென்டக்கி மலைகளில் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அப்பா டெல்மர் ஸ்டிதமைத் தெரியாமல் இருக்காது. முப்பத்தோரு வருடம் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டினார். சனிக்கிழமைதோறும் பழைய சிப்பாய்கள் சங்கத்தின் கூடத்தில் பாடினார். குடி, சிறை, ரயில், விட்டுப் போன பெண்டாட்டி. இந்த நான்கில் ஒன்றாவது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அதைப் பாட்டு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடைசி எட்டு வருடம் நெஞ்சு முழுக்கக் கரித்தூசு. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. பாடும்போதும் அப்படித்தான். மூன்று சொல், சளி கரகரக்க ஒரு இழுப்பு, அடுத்த மூன்று சொல். அவர் பாடினால் கேட்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

அவருக்குக் காற்றுக் கொடுத்த ஆக்சிஜன் இயந்திரம் இன்னும் முன்னறை மூலையில்தான் நின்றது. திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிடார் சுவரில் மாட்டியிருந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பின் வால் நுனி கிடந்தது. காய்ந்த பன்னிரண்டு வளையங்கள். எங்கள் பக்கத்தில் கிடாரோ பிடிலோ வாசிக்கிற எல்லாரும் அப்படி ஒன்றை உள்ளே போட்டு வைப்பார்கள். ஈரம் தாக்காது என்பார்கள், எலி அண்டாது என்பார்கள். அப்பா சொன்ன காரணம் வேறு. "ஓட்டை வச்ச பெட்டி இது. காலியா விட்டா எதாவது குடி வந்துரும்," என்பார். ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் கிடாரை ஒருமுறை குலுக்குவார். உள்ளே அது கிலுகிலுக்கும். அதன் பிறகுதான் வாயைத் திறப்பார்.

நிலக்கரி லாரிகள் மூன்று மணிக்கு ஓய்ந்துவிடும். அதன் பிறகுதான் எங்கள் சாலையில் எதையும் பதிவு செய்ய முடியும். ராய்ஸ் முதல் பாட்டின் முதல் அடியைப் பாடியதுமே நிறுத்தினான்.

"உள்ள கிலுகிலுங்குது. மைக்குல பெருசா விழுது."

கிடாரைக் கவிழ்த்துக் குலுக்க ஆரம்பித்தான்.

"டேய், அத எடுக்காதடா."

"எலி வராம இருக்கத்தானேக்கா போடறாங்க? நான் என்ன இத எலி வளையிலயா வச்சு வாசிக்கப் போறேன்?"

"அப்பா என்ன சொல்வாருன்னு தெரியும்ல?"

"தெரியும். குடி வந்துரும். வந்தா வாடகை வாங்கிக்கோ."

வால் நுனி மேசைமேல் விழுந்தது. அதை அப்பாவின் மூக்குப்பொடி டப்பாவில் போட்டு ஜன்னலில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் பிடிவாதமாகத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

அன்று ரயில் பாட்டைப் பாடினான். நன்றாகவே பாடினான். நான்கு மணிக்கெல்லாம் வெயில் மலைக்குப் பின்னால் போய்விட, அறைக்குள் ஈரநிலக்கரி வாசனை வந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது கதவோரம் வருகிற அதே வாசனை. ராய்ஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டான். கேட்டபடியே அவன் முகம் வெளுத்தது. ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தான்.

அவன் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் பாடியது.

அப்பாவின் குரல்.

"நான் ஒருத்தன்தானே பாடினேன்?" என்றான். "நீயும் இங்கதானே இருந்த?"

நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவனோ சிரித்தான். சிரித்தபடியே குழந்தை மாதிரி அழுதான். "வந்துட்டாருக்கா. சேர்ந்து பாட வந்துட்டாரு."

நானும் அழுதேன். எனக்கும் அப்பாதானே.

ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு வீதம் பதிவு செய்தான். ஒவ்வொன்றிலும் அந்தக் குரல் இருந்தது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் பலமாகக் கேட்டது. மூன்றாம் நாள் ராய்ஸ் வாசல் படிகளில் ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நாற்பது வயதுகூட ஆகாதவன், புகை பிடிக்காதவன். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றான். இந்த மலையிலேயே பிறந்தவன் சொல்கிற பேச்சா அது?

நான்காம் நாள் அவனுக்கு ஒரு அடியை ஒரே மூச்சில் பாடி முடிக்க முடியவில்லை. ஆக்சிஜன் இயந்திரத்தைப் போட்டு, அப்பாவின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டான். அப்பாவின் நாற்காலியில், அந்தக் குழாயோடு, அந்தக் கிடாரோடு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் அவன் தாழ்வாரத்தில் படுத்திருந்தபோது, எட்டுப் பாட்டுகளையும் முதலிலிருந்து கேட்டேன். ராய்ஸின் குரலை விட்டுவிட்டு அடியில் இருந்ததை மட்டும் கவனித்தேன். எங்கோ ஒன்று உறுத்தியது. மறுபடி கேட்டேன். அப்போதுதான் புரிந்தது.

அது மூச்சே எடுக்கவில்லை.

ஒரு பாட்டில்கூட. ஓரிடத்தில்கூட.

ராய்ஸை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "இது அப்பா இல்லடா. அப்பா மூணு சொல்லுக்கு ஒரு தடவ மூச்சு இழுப்பாரு. இது இழுக்கவே இல்ல. நல்லாக் கேளு."

"செத்தவங்களுக்கு எதுக்குக்கா மூச்சு?"

"அப்போ உன் மூச்சு எங்கடா போகுது?"

அவன் சுவரில் இருந்த கிடாரைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டே பாட்டு," என்று கிசுகிசுத்தான். "அவரு கேட்டப்பல்லாம் நான் வரல. இப்ப வந்திருக்காரு. நான் எந்திரிச்சுப் போகணுமா?"

ஐந்தாம் நாள் ஒன்பதாவதை முடித்தான். பத்தாவது, அப்பாவே கட்டிய பாட்டு. நடுவில் பாடாமல் பேசுகிற ஒரு பகுதி வரும். சுரங்கத்துக்குள் இருக்கும் ஒருவன் வெளியே இருக்கும் மகனோடு பேசுவது. ராய்ஸ் அந்த இடத்துக்கு வந்தான். வாயைத் திறந்தான். வாய் அசைந்தது, காற்று வரவில்லை. உதடு நீலமாகி, தலை கிடார்மேல் சாய்ந்தது.

பாட்டு நிற்கவில்லை.

ஹெட்போனில் இல்லை. அறைக்குள். கிடாரின் துளையிலிருந்து.

என் அப்பாவின் குரல், மகனோடு பேசும் அந்தப் பகுதியை, ஒரு இடைவெளியும் விடாமல் சொல்லிக்கொண்டே போனது.

ஜன்னலுக்கு ஓடினேன். டப்பாவைத் திறக்க விரல் வழுக்கியது, பல்லால் திறந்தேன். அந்த வால் நுனியைக் கிடாருக்குள் போட்டேன்.

குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.

ராய்ஸ் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டவன் போல மூச்சை இழுத்தான். இன்னொரு முறை. இன்னொரு முறை. நிறம் திரும்பியது. நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கடவுளை எல்லாப் பெயரிலும் கூப்பிட்டேன். பேச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை நன்றி அல்ல.

"அவரு என்கிட்ட பேசிட்டிருந்தாருக்கா. முதல் தடவ நான் வராம விட்டேன். இந்தத் தடவ நீ துரத்திட்ட."

பதிவுகளை எடுத்துக்கொண்டு, தான் வசிக்கும் நாஷ்வில் நகரத்துக்கு அன்றே கிளம்பிவிட்டான். கிடாரைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. நான் அதை எடுத்துச் சுவரில் மாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. பத்து மணி இருக்கும்.

"குரல் இல்லக்கா," என்றான். "எல்லாப் பாட்டுலயும் என் குரல் மட்டும்தான் இருக்கு. யாரும் எதையும் அழிக்கல. அது எங்க போச்சு?"

"உனக்கு மூச்சு எப்படிடா இருக்கு?"

"குதிரை மாதிரி இருக்கேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு நெஞ்சு சுத்தமா இருக்குன்னாரு."

எனக்கு அது போதும். பாட்டு போனால் போகட்டும், என் தம்பி இருக்கிறான். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

சுவரில் கிடார் ஒருமுறை கிலுகிலுத்தது.

அப்பா குலுக்குவாரே, அதே மாதிரி. ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே லாரிகூட இல்லை.

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. வெளியே இருப்பதை உள்ளே விடாமல் காப்பதற்குத்தான் அதைப் போடுவார்கள். குடி வந்தது உள்ளே இருக்கும்போதே நான் போட்டுவிட்டேன். திருடன் உள்ளே இருக்கையில் வாசலில் காவல்காரனை நிறுத்திக் கதவைப் பூட்டியிருக்கிறேன்.

கிடாருக்குள் பாட்டு ஆரம்பித்தது. ரயில் பாட்டு. மெல்ல, அடித்தொண்டையில்.

மூன்று சொல்.

ஒரு மூச்சு. சளி கரகரக்க, இழுத்து.

அடுத்த மூன்று சொல்.

"அப்பா..." என்றேன், என்னை அறியாமல்.

"அக்கா!" போனில் ராய்ஸ் கத்தினான். "அது மூச்சுதானே? எனக்குக் கேட்குது! நீதானே சொன்ன, மூச்சு இல்ல, அதனால அப்பா இல்லன்னு? இப்ப இருக்குல்ல? அவர உள்ள போட்டு அடைச்சு வச்சிருக்கக்கா! தொடாத, நான் வந்து அந்த வால எடுக்கறேன்!"

"டேய், வராதடா..."

போன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. ஐந்து மணி நேரப் பயணம்.

கிடாருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விறகு பிளக்கும் கோடரியை எடுத்து வந்தேன், திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்து வந்தேன். மறுபடி வைத்தேன். மூச்சைப் பற்றி நான் ராய்ஸிடம் சொன்னது இதே அறையில்தான். சொன்னபோது கிடார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது எதுவானாலும், கற்றுக்கொள்ள அதற்கு மூன்று வாரம் கிடைத்திருக்கிறது. ஆனால் அது அப்பாவாகவே இருந்தால்? எட்டு வருடம் காற்றுக்குத் தவித்த மனிதரை நானே ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்துவிட்டேனா? மகளாகப் பிறந்தவள் அதை எப்படித் தாங்குவது?

அது பாடிக்கொண்டே இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக. பட்டப்பகல் வெயில் தரையில் விழுந்து கிடந்தது. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. ஒரு இடத்திலும் பிசகவில்லை. அளந்து வைத்தது போல் இருந்தது.

அப்பா ஒரு பாட்டுக்கு ஒருமுறையாவது இருமுவாரே என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் நினைத்தேன், அவ்வளவுதான்.

அது இருமியது.

எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன். பின்கதவையும் தாழிட்டேன். நாற்காலியைத் தூக்கி முன்கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேலேயே உட்கார்ந்தேன். கண்ணை மூடி ஜெபம் செய்யப் பார்த்தேன். எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் பாட்டின் வரிகள்தான்.

மூன்று மணிக்குக் கடைசி லாரி போனது. சாலை அடங்கியது. வளைவில் ராய்ஸின் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. வண்டிக் கதவு சாத்தப்பட்டது. வாசல் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி அவன் ஏறி வந்தான். எங்கும் நிற்கவில்லை. என் தம்பிக்கு இப்போது நல்ல மூச்சு.

"அக்கா, கதவத் திற!"

சுவரில் பாட்டு நின்றது.

இருமலும் இல்லை, இழுப்பும் இல்லை. உள்ளே இருந்தது மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது.