தோகாவுக்குப் போன தம்பியின் முகம்

சாட் ஓடியது. மின்னஞ்சல் ஓடவில்லை. அதீபாவுக்குப் புரியாதது இதுதான்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு எதிரில், அவள் அண்ணன் சல்மான் போன மாதம்தான் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தான். கடையிலிருந்து வெளியே போவது ஒரே ஒயர். அந்த ஒயர் வழியாக முதல் கணினியில் அவள் தோழி இனியாவின் அப்பா, தோகாவில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். அதே ஒயர்தான் பக்கத்துக் கணினிக்கும். ஆனால் அதில் மின்னஞ்சலைத் திறந்தால், பக்கத்தைக் காண முடியவில்லை என்று வந்து நின்றது.

"போட்டோ எங்க?" என்று அப்பா மறுபடியும் எழுதினார்.

இனியா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி, "வருது" என்று தட்டினாள்.

"இதையேதான் அரைமணி நேரமா சொல்ற," என்றாள் அவள் அம்மா திரௌபதி. அவள் மடியில் இனியாவின் புதுத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவனை அப்பா இன்னும் பார்த்ததே இல்லை. அவர் தோகாவில் எலக்ட்ரீசியன். இன்றைக்குப் பாலைவனத்து வேலைக்குக் கிளம்புகிறார். அங்கே போனும் இல்லை, இணையமும் இல்லை. பொங்கலுக்குத்தான் திரும்புவார். கூட்டிப்போக வண்டி வருவதற்குள் தம்பியின் முகத்தை அனுப்பிவிட வேண்டும்.

போட்டோ ஸ்கேன் ஆகி, பக்கத்துக் கணினியில் தயாராகத்தான் இருந்தது. சாட்டில் எழுத்து மட்டும்தான் போகும். படம் மின்னஞ்சலில்தான் போக வேண்டும்.

சல்மான் இணையக் கம்பெனிக்கு போன் போட்டுப் பார்த்தான். "எங்கேஜ்டாவே இருக்கு," என்று ரிசீவரை வைத்தான். "இருங்க, எல்லாத்தையும் ஒரு தபா அணைச்சுப் போட்டுடறேன். சரியாப் போயிடும்."

சல்மானிடம் எந்த நோய்க்கும் இந்த ஒரே மருந்துதான். மின்விசிறி, டிவி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் அவன் செய்வது இதைத்தான்.

அதீபா பாய்ந்துபோய் ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, வேணாம். ஓடுறது அந்த சாட் ஒண்ணுதான். அதுவும் போயிடும்."

"அப்ப நீயே சரி பண்ணு, பெரிய இன்ஜினியரு."

"முதல்ல இத சொல்லுங்க. சாட் மட்டும் எப்படி ஓடுது?"

சல்மான் தலையைச் சொறிந்தான். "அது காலையிலயே நம்பர் கேட்டுக்கினு அங்க போய்ச் சேர்ந்துடுச்சு. இனிமே அது யாரையும் கேக்க வேணாம்."

"என்ன நம்பர்?"

"இன்டர்நெட்ல இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் இருக்கு அதீ. நாமதான் பேரு தட்டறோம். கம்ப்யூட்டருக்குப் பேரெல்லாம் தெரியாது, நம்பர்தான் தெரியும். நீ பேரைத் தட்டின உடனே, இந்தப் பேருக்கு என்ன நம்பருன்னு நம்ம கம்பெனியோட ஒரு கம்ப்யூட்டரைக் கேக்கும்."

"அதுக்குத் தெரியலன்னா?"

"அது மேல இருக்கிறதைக் கேக்கும். அது, எனக்குத் தெரியாது, டாட் காம்னு முடியற பேரையெல்லாம் பார்த்துக்கிறவன் இன்னொருத்தன், அவனைக் கேளுங்கும். அவன் இன்னொருத்தனைக் கை காட்டுவான். கடைசியா ஒருத்தன் நம்பரைச் சொல்லிடுவான். இதெல்லாம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்."

"வண்டி வந்துட்டுதாம்," என்றாள் இனியா. "பத்து நிமிஷம் நிக்கச் சொல்லி இருக்காராம்."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் கையில் பையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பாப்பா, ஆசிரமம் எங்க இருக்கு? வழக்கமா எளநிக் கடை வேடியப்பன் சொல்லுவாருன்னாங்க. கடை பூட்டியிருக்கு. நானும் இந்த ரோட்டிலேயே மேலும் கீழுமா நடக்கிறேன்."

"எதிர்ல தெரியுதே, அந்த கேட்டுதான் தாத்தா," என்றாள் அதீபா.

பெரியவர் கேட்டைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்தார்.

அதீபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரமம் இருந்த இடத்தில்தான் இருந்தது. சாலையும் நன்றாகத்தான் இருந்தது. வழி சொல்கிறவர்தான் இல்லை. அதனால் பெரியவர் இன்னொருவரைக் கேட்டார்.

"அண்ணே, மின்னஞ்சல் கெட்டுப் போகல. ஒயரும் கெட்டுப் போகல. நம்பர் சொல்ற கம்ப்யூட்டர்தான் படுத்துடுச்சு. நாம ஏன் வேற ஒண்ணைக் கேக்கக் கூடாது?"

"கேக்கலாம்," என்றான் சல்மான் மெதுவாக. "செட்டிங்ஸ்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. ஆனா வேற கம்ப்யூட்டரோட நம்பரு நம்மகிட்ட ஏது?"

"இனியாவோட அப்பாகிட்ட இருக்கு."

"எங்கப்பாகிட்டயா?" என்றாள் இனியா.

"அவரு கம்ப்யூட்டர்ல எல்லாம் திறக்குதில்ல? அப்ப அது யாரையோ கேக்குதுன்னுதானே அர்த்தம். தள்ளுடீ, நான் தட்டறேன்."

அதீபா வேகமாகத் தட்டினாள். இனியாவின் அப்பாவை, கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னாள். சல்மான் அடிக்கடி அதில் அடிக்கும் சொல்லை அப்படியே எழுதி அனுப்பினாள். சல்மான் பின்னாலிருந்து சொன்னபடி, பெயருக்கு எண் சொல்லும் கணினியைக் காட்டும் டிஎன்எஸ் என்ற கடைசி வரியில் இருக்கும் எண் வேண்டும் என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது.

"கிளம்பிட்டாரோ," என்றாள் திரௌபதி.

திரையில் எழுத்து ஓடியது. "இங்க கடைக்காரர் மலையாளி. அவர்தான் திறந்து கொடுத்தார். இந்தா." அதன் கீழே, நடுநடுவே புள்ளி வைத்த நீளமான ஓர் எண்.

இனியா எண்ணை உரக்கப் படித்தாள். சல்மான் பக்கத்துக் கணினியில் பழைய எண்ணை அழித்துவிட்டு அதைப் போட்டான். அதீபா ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தாள்.

"இப்ப பேரைத் தட்டு."

இனியா தட்டினாள். நாலு பேரும் மூச்சு விடவில்லை. குழந்தை மட்டும் விட்டது.

மின்னஞ்சல் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல விரிந்தது. சல்மான் படத்தை இணைத்து அனுப்பினான். பிறகு எல்லாரும் சாட் திரையையே பார்த்தார்கள்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

"பார்த்துட்டேன்," என்று வந்தது. கொஞ்சம் விட்டு, "மூக்கு என்னோடதுதான்."

"ஆமா, பெருசா இருக்கில்ல," என்றாள் திரௌபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"டிரைவர்கிட்டயும் காட்டினேன். அவரும் அதையே சொல்றார். போய்ட்டு வரேன். பொங்கலுக்கு நேர்ல பார்க்கிறேன்." அத்தோடு அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

சல்மான் எழுந்து போய், மற்ற கணினிகளிலும் அந்த எண்ணைப் போட ஆரம்பித்தான். இணையம் வராமல் வாசலில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

திரௌபதி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் புரியல கண்ணு. அப்படி என்னதான் பண்ணே?"

"பெருசா ஒண்ணும் இல்ல அத்தை," என்றாள் அதீபா. "பேரைச் சொன்னா நம்பர் சொல்ற கம்ப்யூட்டர் ஒண்ணு படுத்துடுச்சு. தோகாவில இருக்கிற இன்னொண்ணைக் கேட்டோம். அது சொல்லிடுச்சு."