வாப்பாவுக்கு ஜன்னலோரம்

வாப்பா ஓட்டும் சுற்றுலாப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கற்பிட்டிக்குப் போகவேண்டும் என்பது ஷிம்லாவின் நெடுநாள் ஆசை. பள்ளி விடுமுறையில் ஒருவழியாக அது நடந்துவிட்டது.

பஸ் புத்தளத்தைத் தாண்டியதும் வழிகாட்டி றொபின்சன் மைக்கைப் பிடித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பயணிகள் கைதட்டினார்கள்.

"உங்கட சுகமும் பாதுகாப்பும்தான் எங்களுக்கு முக்கியம். பிரஷர், மூச்சு முட்டு, சீனி வருத்தம் இருக்கிறவை கையை உயர்த்துங்கோ!"

பாதிப் பஸ் கையை உயர்த்தியது. றொபின்சன் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பையும் கொடுத்தார்.

சாரதி ஸலாஹுதீனை யாரும் கேட்கவில்லை. அவரது இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவை உயரவில்லை.

ஷிம்லா தலையைக் குனிந்துகொண்டாள். போன கிழமை வீட்டில் வாப்பாவுக்குச் சீனி திடீரென்று இறங்கிவிட்டது. சட்டை நனைய வேர்த்து, "நீங்க யார்ட புள்ள?" என்று ஷிம்லாவிடமே மரியாதையாகக் கேட்டார். உம்மா சீனித் தண்ணீர் பருக்கிய பிறகுதான் மகளை அடையாளம் தெரிந்தது.

"யாருக்கிட்டயும் சொல்லிராத மகள். தெரிஞ்சா பஸ் தரமாட்டாங்க" என்றார் வாப்பா. ஷிம்லா சத்தியம் பண்ணினாள்.

உப்பளம் பார்த்தார்கள். காற்றாலைகள் பார்த்தார்கள். படம் எடுத்து எடுத்தே நேரம் போனது.

"கற்பிட்டிக் கோட்டையைப் பூட்ட முந்திப் போகோணும். சாப்பாடு பிறகு. ஸலாஹுதீன் நானா, கொஞ்சம் மிதியுங்கோ!" என்றார் றொபின்சன்.

எப்போதும் முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டும் வாப்பா இப்போது பாடவில்லை. சட்டையின் முதுகு நனைந்திருந்தது. தெருவோரம் நின்ற மாட்டின் பக்கமாகப் பஸ் மெல்லச் சரிந்து, மறுபடி நேரானது. மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

"அங்கிள், கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள் ஷிம்லா றொபின்சனிடம்.

"ஏலாது பிள்ளை, நேரமில்லை."

காரணத்தைச் சொன்னால் வாப்பாவின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? ஷிம்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"வாந்தி வருது!"

"ஐயோ, சீற் உறை புதுசு! நானா, நிப்பாட்டுங்கோ!"

பஸ் உடனே நின்றது.

ஷிம்லா வெளியே ஓடவில்லை. வாப்பாவிடம் ஓடினாள். தன் இனிப்புச் சோடாப் போத்தலைத் திறந்து அவர் வாயில் வைத்தாள். "குடிங்க வாப்பா."

சற்று நேரத்தில் வாப்பாவின் வேர்வை அடங்கியது. அவளைப் பார்த்தார்.

"வாந்தி எங்க?"

"வரல்ல."

"அப்ப பொய்யா?"

"சத்தியம் பண்ணினேனே வாப்பா. வேற ஒண்டும் சொல்ல ஏலாது."

வாப்பா திரும்பிப் பார்த்தார். பின் ஆசனத்தில் ஒரு குழந்தை, தாயின் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அவர் சாவியைக் கழற்றி றொபின்சனிடம் நீட்டினார்.

"எனக்கும் சீனி வருத்தம் ஈக்கிது தம்பி. கைய உயர்த்தாம விட்டுட்டன். இனி நான் ஓட்டல்ல."

றொபின்சன் மைக்கை வைத்துவிட்டுச் சாவியை வாங்கினார். உடனே போன் எடுத்தார்.

கற்பிட்டியிலிருந்து வேறொரு சாரதி வருவதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். கோட்டையையும் பூட்டிவிட்டார்கள்.

பஸ் புத்தளத்துக்குத் திரும்பப் புறப்பட்டபோது ஷிம்லா தன் இடத்தைக் காட்டினாள்.

"நீங்க ஜன்னலோரம் இருங்க வாப்பா."

வாப்பா உட்கார்ந்தார். வெளியே களப்புத் தண்ணீர் மின்னியது.

"இவ்வளவு கிட்டவா ஈக்கிது? நான் றோட்டத்தானே பாத்துட்டு ஈந்தேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வளைவு வரும்போதெல்லாம் வாப்பாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. ஷிம்லா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வளைவில், அவளும் தன் காலை அவர் காலருகே வைத்து, அவரோடு சேர்ந்து மிதித்தாள்.