பச்சை இலைக் கொடி

அஜின்கோர்ட் பள்ளிக்கு நிலாணி வந்து மூன்று வாரம். இடைவேளையில் அவள் வேலியோரம் நின்று, பனியில் பதிந்த தன் சப்பாத்துத் தடங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு யாருடைய தடமும் அந்தப் பக்கம் வருவதில்லை.

அன்று கொடி நாள். எல்லோரும் சிவப்பு இலை போட்ட கனடாக் கொடிக்கு நிறம் தீட்டவேண்டும். மணி அடிக்குமுன் முடித்தவற்றை ஆசிரியை நடைவழிச் சுவரில் ஒட்டுவார்.

பக்கத்து மேசை மிதுனன் நிலாணியின் தாளை எட்டிப் பார்த்தான்.

“இஞ்சை பாருங்கோடா, இவளின்ர இலை இன்னும் பழுக்கேல்லை.”

தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். புரியாத மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

நிலாணி குனிந்து பார்த்தாள். சிவப்பு இருக்கவேண்டிய இடமெல்லாம் பச்சை. கை தன் பழக்கத்தில் பச்சைப் பென்சிலை எடுத்திருந்தது.

ஏன் பச்சை என்று ஆசிரியை கேட்டார். சொல்ல நிறைய இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. அவர் புதுத் தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் பத்து நிமிடம். சிவப்பில் தீட்டினால் அவளுடைய கொடியும் மற்றக் கொடிகளோடு சுவரில் இருக்கும். யாரும் சிரிக்கமாட்டார்கள். அவள் சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

அப்போது மிதுனன் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய சிவப்புப் பென்சில் நகமளவு தேய்ந்துவிட்டது. அவன் கொடியில் ஒரு பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. யாரும் பென்சில் கொடுக்கவில்லை. நிலாணியிடம் மட்டும் அவன் கேட்கவில்லை.

நிலாணி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தன் பென்சிலை அவன் மேசையில் வைத்தாள்.

அவன் வெள்ளையாகக் கிடந்த பக்கத்தைத் தீட்டினான்.

“சிவப்பு இருந்ததுதானே. பிறகேன் பச்சை அடிச்சனி?”

இந்த முறை வாய் திறந்தது. கனடாவிலேயே அவள் முன்பு இருந்த ஊரில் உருளைக்கிழங்கு வயல்கள். அவற்றை அழித்துச் சரக்குக் கிடங்குகள் கட்ட ஒரு கம்பனி வந்தது. அதை எதிர்த்து விவசாயிகள் உழவு இயந்திரங்களில் நகரத்துக்குப் போனார்கள். ஒவ்வொன்றிலும் பச்சை இலைக் கொடி. வயல்களும் நாடுதான் என்று காட்டவே நிறத்தை மாற்றினார்கள். கட்டில் விரிப்புகளில் அவற்றைத் தீட்டியது பிள்ளைகள். நிலாணி மட்டும் பதினொரு கொடிகள் தீட்டினாள்.

“இப்ப அந்த வயல்?”

“தெரியாது. அப்பாவுக்கு அங்கை வேலை போயிட்டுது. நாங்கள் வந்திட்டம்.”

மிதுனன் பென்சிலைத் திருப்பி நீட்டினான். நிலாணி அதைப் பெட்டிக்குள் வைத்தாள். பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போய், அதே கதையை இன்னொருமுறை சொன்னாள்.  நடுவில் நிறுத்தாமல் முடித்தாள்.

ஆசிரியை பசைக்குப்பியை அவள் கையிலேயே கொடுத்தார்.

மாலையில் பெரிய வகுப்புத் தமிழ்ப் பிள்ளை ஸ்டெபனி அந்தக் கொடியின் முன் நின்று, இது எந்த நாடு என்று கேட்டாள்.

“உது எங்கட நாடுதான்,” என்றான் மிதுனன். “இவளின்ர ஊரிலை நிண்டு பார்த்தால் அப்பிடித்தான் தெரியும்.”

அடுத்த நாள் வேலியோரப் பனியில் இரண்டு பேரின் தடங்கள் இருந்தன. ஒன்று மிகப் பெரியது. மிதுனன் அவசரத்தில் அண்ணனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.